ஆயிரம் மடங்கு மைக்ரோஸ்கோப்பும் ஆறு பக்க எல் சால்வடாரும்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '1000 மடங்கு' என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் மறந்துவிடுங்கள். அது கம்ப்யூட்டர் திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கிச் சொல்கிற கணக்கு. லென்ஸ் செய்கிற வேலை அதில் ஒரு பங்குதான். ஆறு மாதமாக இந்த யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி நேரம் அது காட்டுகிற ஆகச் சிறிய அளவிலேயே என் வேலை முடிந்துவிடுகிறது.

வாங்கியது டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், செல்போன் உதிரிபாகம் விற்கிற கடையில். 1,450 சொன்னார்கள், 1,300க்கு முடிந்தது. கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. தடித்த மார்க்கர் பேனா அளவில் ஒரு குழல், நுனியில் வட்டமாக எட்டு எல்இடி விளக்கு, வயரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம், நிற்க வைக்க ஒரு தாங்கி. செல்போன் ரிப்பேர் பண்ணுகிற பையன்கள் போர்டில் பற்றவைத்தது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாங்குவதாம். நான் ஸ்டாம்ப் பார்க்க என்றதும் கடைக்காரத் தம்பி, "எந்த ஸ்டாம்ப் சார், பத்திரமா?" என்று கேட்டான். முத்திரைத்தாள் மோசடியைத் துப்புத் துலக்குகிற ஆள் என்று நினைத்துவிட்டான் போல.

நான் ஸ்டாம்ப் ஆள் என்பதைவிட அச்சு ஆள். பதினேழு வயதில் சிவகாசியில் லேபிள் அடிக்கிற பிரஸ் ஒன்றில் சேர்ந்தேன். அப்புறம் மதுரைக்கு வந்து வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு டிரெடில் மிஷினைப் போட்டு முப்பது வருடம் கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஓட்டினேன். 2014ல் மூடியாயிற்று. மிஷின் இரும்பு விலைக்குப் போனது. ஒரு கேஸ் ஈய எழுத்தும், எழுத்துக் கோர்க்கிற கம்போசிங் ஸ்டிக்கும், தாளின் கனம் பார்க்கிற மைக்ரோமீட்டரும், மடக்கு லென்ஸும் மட்டும் வீட்டுக்கு வந்தன. இந்தக் கதையில் நான்குக்கும் வேலை இருக்கிறது.

ஸ்டாம்ப் வந்தது வேறு வழியில். மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் காலமான பிறகு, அவர் வீட்டில் பழைய ஆல்பம் ஒன்றை என்னிடம் கொடுத்து, "அண்ணே, இது தேறுமா பாருங்க" என்றார்கள். அதில் எல் சால்வடாருக்கு மட்டும் ஆறு பக்கம். மத்திய அமெரிக்காவிலேயே ஆகச் சின்ன நாடு அது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஐந்து மாவட்டத்தையும் ஒன்றாக ஒட்டினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அந்த நாட்டின் மேல் மேலூர் வாத்தியாருக்கு என்ன ஈர்ப்போ, கேட்க ஆள் இல்லை.

முதல் பக்கத்தில் 1867ல் வந்த அந்த நாட்டின் முதல் ஸ்டாம்ப். புகை விடுகிற சான் மிகுவெல் எரிமலை, அதற்கு மேலே நட்சத்திரங்கள். நீலம் அரை ரியால் (அந்தக் காலத்தில் அந்த நாட்டுக் காசு), சிவப்பு ஒரு ரியால், பச்சை இரண்டு, மங்கின காவி நான்கு. அச்சடித்துக் கொடுத்தது நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. பெயரே சொல்கிறதே, ரூபாய் நோட்டு அடிக்கிறவர்கள். நோட்டு அடிக்கிற முறையிலேயே ஸ்டாம்பும் அடித்தார்கள். உலோகத் தகட்டில் கோடுகளைப் பள்ளமாகச் செதுக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, மேலே இருக்கிற மையைத் துடைத்துவிட்டு, தாளை வைத்து அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். அதனால் கோடு தாளுக்கு மேலே மேடாக நிற்கும். நம் நூறு ரூபாய் நோட்டில் காந்தி படத்தின் மேல் விரலை ஓட்டினால் சொரசொரப்புத் தெரிகிறதே, அதுதான்.

அந்தக் காலத்தில் கள்ள ஸ்டாம்ப் அடித்தவர்கள் இவ்வளவு சிரமப்படவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்பிரோ சகோதரர்கள் 1860, 70களில் பல நாட்டு ஸ்டாம்புகளை ஷீட் ஷீட்டாகக் கல் அச்சில், அதாவது லித்தோவில் அடித்தார்கள், மேலே பொய் முத்திரையையும் சேர்த்து. லித்தோவில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. மை தாளின் மேல் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். ஆக, எரிமலை ஸ்டாம்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோடு மேடா தட்டையா என்பதுதான்.

இங்கேதான் மைக்ரோஸ்கோப் காலை வாரியது. மூன்று நாள் எல்லா ஸ்டாம்பும் தட்டையாகவே தெரிந்தது. என் பெட்டியில் இருந்த நூறு ரூபாய் நோட்டுகூடத் தட்டை! கருவியில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எட்டு விளக்கும் வட்டமாகச் சுற்றி நின்று எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்தால் நிழல் எங்கே விழும்? நிழல் விழாவிட்டால் மேடு எப்படித் தெரியும்? உச்சி வெயிலில் யானைமலையைப் பார்க்கிற மாதிரி. மாலையில் பார்த்தால்தானே மடிப்பு மடிப்பாகத் தெரியும்.

வயரில் இருக்கிற சக்கரத்தைத் திருப்பி விளக்கை முழுசாக அணைத்துவிட்டு, அறையையும் இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தேன். நோட்டில் வரப்பு வரப்பாகக் கோடு எழுந்து நின்றது. இந்தக் கருவியை இந்த வேலைக்கு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வித்தை இதுதான். பெட்டியில் இருக்கிற விளக்கச் சீட்டில் இது இல்லை. அதில் எறும்பின் தலையை எப்படிப் பார்ப்பது என்று போட்டிருக்கிறது.

சரி, வாத்தியாரின் நான்கு எரிமலைகளை அதே மாதிரி வைத்தேன். பச்சையும் காவியும் வரப்போடு நின்றன. சிவப்பும் அப்படியே. நீலம் மட்டும் படுத்துவிட்டது. எந்தக் கோணத்தில் டார்ச்சைக் கொண்டுபோனாலும் நிழலே இல்லை. புகை இருக்கிற இடத்தில் மற்ற மூன்றிலும் மயிரிழைக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. நீலத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, அப்பின மாதிரி இருக்கின்றன. லேபிள் பிரஸ்ஸில் கல் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று என் மேஸ்திரி காட்டித் திட்டியிருக்கிறார். துளையையும் எண்ணிப் பார்த்தேன். ஸ்டாம்ப் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. 1867 எரிமலைக்கு 12 வர வேண்டும். நீலத்துக்கு 13ஐ ஒட்டி வந்தது. இதற்கு மைக்ரோஸ்கோப்பே வேண்டாம். அட்டையில் அச்சடித்த துளை அளவுகோல் போதும், ஐம்பது அறுபது ரூபாய் சமாச்சாரம்.

மேடா தட்டையா என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. மெல்லிய அலுமினியத் தாளை ஸ்டாம்பின் மேல் போட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால், செதுக்கு அச்சாக இருந்தால் கோடுகள் தாளில் பதியும். பிரியாணிப் பார்சலோடு வந்த தாளைக் கழுவிக் காயவைத்துச் செய்து பார்த்தேன், பதிந்தது. ஆனால் நல்ல ஸ்டாம்பில் செய்யாதீர்கள், தேய்க்கிற கை ஒன்றுபோல் இருக்காது.

இப்போது குறை. அடுத்த மூன்று பக்கம் முழுக்க 1890லிருந்து 1898 வரைக்குமான ஸ்டாம்புகள். இந்த இடத்தில் மைக்ரோஸ்கோப் சுத்தமாகக் கையை விரித்துவிட்டது. காரணம் கருவியில் இல்லை, நிக்கலஸ் சீபெக் என்கிற மனிதரிடம் இருக்கிறது. நியூயார்க்கில் ஹாமில்டன் பேங்க் நோட் கம்பெனிக்காரர். எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, ஈக்வடார் அரசாங்கங்களோடு ஒப்பந்தம் போட்டார். ஸ்டாம்ப் முழுக்க நான் இலவசமாக அடித்துத் தருகிறேன், வருடா வருடம் புது டிசைன், வருடக் கடைசியில் மீந்ததை என்னிடமே கொடுத்துவிடுங்கள், தகடும் என்னிடமே இருக்கும், சேகரிப்பவர்களுக்கு மறுபடி அடித்து விற்றுக்கொள்வேன் என்று. அரசாங்கத்துக்குச் செலவில்லை, அவருக்கு ஆல்பம் நிரப்புகிற உலகம் முழுக்க வியாபாரம். ஒரு பிரஸ்காரனாகச் சொல்கிறேன், இப்படி ஒரு பார்ட்டி எனக்கு மாட்டவே இல்லை. மீந்த கல்யாணப் பத்திரிகையை யார் வாங்குவார்?

ஆக, தபாலுக்கு அடித்ததும் பிறகு ஆல்பத்துக்கு அடித்ததும் ஒரே தகடு. கோட்டுக்குக் கோடு ஒன்றே. எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். போலி என்றும் சொல்ல முடியாது, மறுஅச்சு. பிடிபடுவது தாளில்தான். மறுஅச்சுகள் பொதுவாகக் கனமான தாளில் இருக்கும். அங்கேதான் என் பழைய மைக்ரோமீட்டரை எடுத்தேன். பின்னால் பழைய ஒட்டுத்தாள் துணுக்கோ பசையோ இருந்தால் கணக்குத் தப்பிவிடும் என்பதால் அவை இல்லாத மூலையாகப் பார்த்துப் பிடித்தேன். கொலம்பஸ் கரை இறங்குகிற 1892 ஸ்டாம்ப் ஒரே மதிப்பில் இரண்டு இருந்தது. முத்திரை குத்தியது மெல்லிசு, முத்திரை இல்லாதது தெளிவாகத் தடிப்பு. முப்பது வருடம் தாள் வாங்கின விரலுக்கு மைக்ரோமீட்டர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது, அளந்தது ஒரு திருப்திக்கு. 1896லிருந்து சில ஸ்டாம்புகளில் தொப்பி உருவத்தில் நீர்க்குறியும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு ஸ்டாம்பில் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் அதுவும் தெரியாது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 1895. எஸேட்டா என்கிற ஜெனரலின் முகத்தைப் போட்டு அடுத்த வருடத்துக்கான ஸ்டாம்பை முன்கூட்டியே தயார் பண்ணியிருக்கிறார்கள். 1894ல் எஸேட்டா சகோதரர்களின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. அடித்ததை வீணாக்க மனசில்லாமல், முகத்தின் மேலேயே நாட்டுச் சின்னத்தைக் கறுப்பில் அடித்து மூடி விற்றார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் பழைய போஸ்டர் மேல் புதுப் போஸ்டர் ஒட்டுகிற அதே புத்தி. மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கறுப்புக்கு அடியில் மீசை நுனி அழகாகத் தெரிகிறது. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். காசு கொடுத்து வாங்கியதில் இது ஒரு லாபம்.

இதே கடையில் 280 ரூபாய்க்கு யூவி டார்ச்சும் வாங்கினேன். பழைய தாளில் யூவி ஒளி பட்டால் மங்கலாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அப்புறம் வந்த வெள்ளைத் தாள்களில் பளிச்சென்று காட்டுகிற ரசாயனம் சேர்ப்பதால் அவை நீல வெள்ளையாக மின்னும். 1867 ஸ்டாம்ப் மின்னினால் தாள் பொய். நல்ல சோதனைதான், ஆனால் இந்த டார்ச் மலிவு ரகம், 395 நானோமீட்டர். ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் கொட்டுவதால் எது மின்னல், எது டார்ச்சின் ஊதா என்று குழப்பம். 365 என்று போட்டதைக் கூடக் காசு கொடுத்தாவது வாங்குங்கள். இன்னொன்று, துணி சோப்பிலும் அதே ரசாயனம் இருக்கிறது. என் வேட்டி டார்ச்சில் நிலா மாதிரி எரிந்தது. துணி ஊறவைத்த சட்டியில் ஸ்டாம்பை ஊறவைத்துக் கழற்றியிருந்தால் நல்ல ஸ்டாம்பும் மின்னித் தொலைக்கும். டார்ச் இப்போது வீட்டுக்காரி வசம். தேள் யூவியில் பச்சையாக மின்னும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, கொல்லையில் விறகு எடுக்கப் போகும்போது கையில் எடுத்துக்கொள்கிறாள். ஒன்றை அப்படிப் பிடித்தும்விட்டாள்.

மைக்ரோஸ்கோப்பின் மற்ற குறைகள் சின்னவை. தாங்கி மகா மோசம், மேஜையில் டம்ளர் வைத்தால் படம் ஆடும். நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய கம்போசிங் ஸ்டிக்கில் குழலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். நிறத்தை நம்பக் கூடாது. பச்சை ஸ்டாம்ப் திரையில் ஒரு தரம் கிளிப்பச்சை, ஒரு தரம் பாசி. லேப்டாப்பில் சொருகினால் வெப்கேமரா மாதிரி உடனே திறந்துகொள்கிறது, அதற்கு மட்டும் முழு மார்க்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், அந்த கான்ட்ரா செல்லோவுக்காக.

1874ல் எரிமலை ஸ்டாம்புகளின் மேல் கறுப்பில் ஒரு வட்ட முத்திரை வந்தது. நடுவில் நாட்டுச் சின்னம், சுற்றி 'கான்ட்ரா செல்லோ 1874' என்று எழுத்து. எதிர் முத்திரை என்று அர்த்தம். முத்திரை இருந்தால் விலை ஏறும் என்பதால், நல்ல எரிமலை ஸ்டாம்பை எடுத்து மேலே பொய் முத்திரையை அடிப்பது நெடுநாள் தொழில். அடியில் இருப்பது அசல், மேலே இருப்பது போலி, அதனால் வரப்புப் பார்க்கிற வித்தை இங்கே செல்லாது. இந்தத் தொழிலில் பெரிய கை, மெக்சிகோவின் யுகாத்தான் பக்கம் மெரிடா நகரத்தில் இருந்த ராவுல் டி துவேன். மெக்சிகோ, ஹோண்டுராஸ் என்று அந்தப் பக்கத்து நாடுகளின் ஸ்டாம்புகளில் மேலச்சும் (முன்பே அடித்த ஸ்டாம்பின் மேல் பிறகு அடிக்கிற அச்சு) முத்திரையும் பொய்யாக அடித்துத் தள்ளிய ஆள். கடைசியில் 1966ல் அமெரிக்க தபால்தலை சேகரிப்போர் சங்கமே அவருடைய சரக்கையும் சாமான்களையும் விலைக்கு வாங்கித் தொழிலை நிறுத்த வேண்டியிருந்தது.

வாத்தியாரின் போலி நீலத்துக்கு மாற்றாக, வெளியூர்க்காரர் ஒருவரிடம் கான்ட்ரா செல்லோ போட்ட நீல அரை ரியால் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். மடக்கு லென்ஸில் சுத்தமாக இருந்தது. பக்க வெளிச்சத்தில் எரிமலை வரப்பும் ஜோராக நின்றது. சும்மா இருக்காமல் முத்திரை மேல் மைக்ரோஸ்கோப்பை இறக்கினேன், கொஞ்சம் பெரிதாக்கி.

கறுப்பு பளபளத்தது. எண்ணெய் மை என்றால் தாளின் நாருக்குள் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். இது நாருக்கு மேலே, உருகிக் காய்ந்த தார் மாதிரி கட்டி கட்டியாக உட்கார்ந்திருந்தது. வட்டத்துக்கு வெளியே, ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், மிளகுப் பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். அச்சுக்காரனுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லேசர் பிரிண்டர் டோனர். பவுடரைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிற சங்கதி. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் தபால் முத்திரையின் ஒரு கோடு குறுக்கே வருகிறது, அதன் மேலேயே டோனர் ஏறி நிற்கிறது. தபாலில் போய்ச் சேர்ந்த பிறகு எதிர் முத்திரை குத்தினார்களாக்கும்!

விற்றவருக்குப் போன் போட்டேன்.

"ஐயா, அது எங்க தாத்தா காலத்து ஆல்பம்ங்கய்யா. ஒரிஜினல்."

"தம்பி, உங்க தாத்தா காலத்துல லேசர் பிரிண்டர் இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். கருவியிலேயே படம் எடுக்கப் பொத்தான் இருக்கிறது, மூன்று அனுப்பினேன். மறுநாள் ஆயிரம் ரூபாய் மட்டும் வந்தது, மிச்சம் அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த சரக்கு எதற்கு எனக்கு? டி துவேனாவது அச்சுக்காரன், பிளாக் செய்து மை போட்டு அடித்தான். இது என்ன பிழைப்பு?

ஆக என் கணக்கு இது. எரிமலை மேடா தட்டையா என்று மட்டும் பார்க்க வேண்டியவர்கள், வாட்ச் ரிப்பேர் சாமான் விற்கிற கடையில் நல்ல பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சீபெக் சரக்குதான் அதிகம் என்றால் மைக்ரோமீட்டருக்குச் செலவு பண்ணுங்கள். மேலச்சு, முத்திரை இருக்கிற ஸ்டாம்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இந்த மைக்ரோஸ்கோப்பை வாங்கலாம், 1,300 தகும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், தாங்கி ஒழுங்காக இருந்தால் மூன்றரை.

அந்த டோனர் ஸ்டாம்பை என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். அதன் பின்பக்கம் 'போலி' என்று பென்சிலில் எழுதி ஆல்பத்தில் வைத்தேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "மாமா, பென்சில்னா உங்களுக்கு அப்புறம் எவனாவது ரப்பர் போட்டு அழிச்சு மறுபடியும் விப்பான்" என்றான். வாஸ்தவம். பரணில் ஏறி எழுத்துக் கேஸை இறக்கினேன். பாதி அறையில் கரப்பான் முட்டை. எட்டு பாயிண்டில் தேடி எடுத்தேன்: இரட்டைக் கொம்பு, ப, கால், லி. நான்கையும் நூலால் கட்டி, கறுப்பு மையை விரலால் தொட்டு வைத்து, ஸ்டாம்பைக் கவிழ்த்துப் போட்டு ஒரு அமுக்கு. பத்து வருடத்துக்கு அப்புறம் அடிக்கிற முதல் அச்சு, லேசாகச் சாய்ந்துதான் விழுந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மை நாருக்குள் நன்றாக இறங்கியிருக்கிறது.